ஸ்டே வாங்கிய வீடு

செஞ்சிக் கோட்டையின் சரித்திரம் முழுக்க ஒருத்தரை ஒருத்தர் வெளியே துரத்திய கதைதான். ராஜா, நவாபு, வெள்ளைக்காரன் என்று யார் வந்தாலும் உள்ளே இருந்தவனை விரட்டிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறான். "வாங்க, வந்து தங்குங்க" என்று கூப்பிட்டு மல்லுக்கட்டிய ஒரே மனிதர் எங்கள் ஸ்டேக்காரர். அந்தக் கோட்டையைப் பிடிக்கப் பாடுபட்டவர்கள் எத்தனையோ பேர். ஒரே ஒரு வெளியூர் ஆளை ஒரே ஒரு ராத்திரி தங்க வைக்கப் பாடுபட்டவர் இவர் ஒருத்தர்தான்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. செஞ்சி கோர்ட்டுக்கு டைப்பிஸ்டாக நான் மாற்றலாகி வந்த புதிதில் அவர் வெறும் 'கண்டக்டர்'. திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே வாழ்நாள் பூராவும் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். தோல்பையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, காக்கிச் சட்டைகளைப் பாத்திரக்காரியிடம் போட்டு ஒரு குண்டான் வாங்கியாயிற்று, விசில் மட்டும் கழுத்தைவிட்டு இறங்கவில்லை. பஸ்ஸில் போய் வருகிறவர்களுக்குத் தெரியும், ஒரு தரம் ஊதினால் நிறுத்து, இரண்டு தரம் ஊதினால் போ. அந்த இரண்டு உத்தரவுகளையும் அவர் குடும்பம் நடத்தவும் பயன்படுத்தினார் என்று தெருவில் சொல்வார்கள்.

அவர் வீட்டுக்கு எதிர் மாடியில் நான் குடியிருந்தேன். கல்யாணம் கைகூடாமலே ஐம்பதைத் தாண்டிய ஆள். அப்பாவுக்கு ரயில்வே உத்தியோகம். அதனால் பிறந்தது ஓர் ஊர், படித்தது ஆறு ஊர். அப்புறம் என் உத்தியோகமும் என்னைப் பந்தாடியது. எந்தப் படிவத்திலும் 'சொந்த ஊர்' என்ற இடம் வந்தால் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். அவருக்கோ மனைவி தவறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் ஓசூரில். சாயங்காலம் ஆனால் நான் அவர் மொட்டை மாடியில் இருப்பேன். அங்கே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் உண்டு. ஒன்றில் நான் உட்காருவதற்கு முன்பு அதில் யார் உட்கார்ந்தார்கள் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டது என்று சேதி வந்த நாளில் கடைத்தெருவில் லட்டு கொடுத்தார்கள். எல்லோரும் லட்டைத் தின்றுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். கண்டக்டர் மட்டும் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் மாடிக்கு ஏறி வந்தார். முகத்தில் அப்படி ஒரு கவலை.

"இன்னா சார் இது, உலகமே வரப்போவுதாம். வந்தா எங்க சார் படுக்கும்?"

"லாட்ஜ் இருக்கே அண்ணே" என்றேன்.

"லாட்ஜுல படுத்தா செவுத்ததான் பாக்கணும். மலையப் பாக்க வேணாமா? பாக்குறவன் ஒரு டீ குடிச்சிட்டுப் போயிடுவான் சார். தங்குறவன்தான் ஊருக்குச் சோறு போடுவான். ஒரு ஆளு ஒரு ராத்திரி தங்கட்டும், காலைல இட்லிக்காரம்மாவுக்கு வேல, ஆட்டோவுக்கு வேல, துணி தேய்க்கிறவருக்கு வேல. சித்தாமூரு சமண மடத்தப் பாக்கணும்பான், சிங்கவரம் கோயிலுக்குப் போவணும்பான். அப்பால, இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போவட்டுமான்னு கேப்பான்."

கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதையும் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். "இருந்துட்டுப் போங்கன்னு சொல்லணும்."

அவரிடம் விற்பதற்கு ஒரு சரக்கு இருந்தது. காலை வெயில். கோட்டைக் கதவைத் திறப்பது நன்றாக விடிந்து ஊர் வேலைக்குக் கிளம்பின பிறகு. சென்னையிலிருந்து வருகிறவர்கள் வேர்க்க விறுவிறுக்க ஏறி, பாதி மலையில் போட்டோ எடுத்து, சாயங்காலத்துக்குள் பஸ் பிடித்துவிடுவார்கள். கோட்டையின் பெரிய மலையான ராஜகிரி மேற்கே இருக்கிறது, ஊர் கிழக்கே. சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் கிளம்பும்போது வெயில் முதலில் மலையுச்சிப் பாறையில்தான் விழும். ஊர் இன்னும் இருட்டுக்குள் இருக்க, உச்சி மட்டும் சிவந்து நிற்கும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் முதல் நாள் ராத்திரி செஞ்சியில் தூங்கியிருக்க வேண்டும், வேறு வழியே கிடையாது. இதை அவர் ஏதோ புதையல் இருக்கிற இடத்தைச் சொல்வதுபோல் காதோடு சொல்வார்.

ஆகவே தன் வீட்டின் முன்னறையை வெள்ளையடித்து, ஒரு கட்டில் போட்டு, ஹோம் ஸ்டே நடத்துவது என்று முடிவு செய்தார். மகளுக்கு இதில் சம்மதமில்லை. அப்பா தனியாக இருப்பது அவளை அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து, என்னைச் சாட்சியாக வைத்துக்கொண்டு தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

"நைனா, வர்ற பொங்கல் வரைக்கும் டைம். ஒரே ஒரு ஆளு வந்து தங்கட்டும், நான் அப்பறம் வாயத் தொறக்கமாட்டேன். நீ பாட்டுக்கு இங்கியே இரு. யாரும் வரலன்னு வெச்சிக்க, வூட்டப் பூட்டிட்டு என்கூட வந்துடணும். சொந்தக்காரங்க, ஊர்க்காரங்கள்லாம் ஆட்டத்துல சேத்தி கெடையாது. வெளியாளா இருக்கணும்."

"வெளியாளுதான்" என்று அவர் மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். அன்றைக்கே ஒரு நீளமான நோட்டு வாங்கி, 'வந்து தங்கிய வெளியூர் விருந்தினர்' என்று முதல் பக்கத்தில் எழுதினார். இட்லிக்காரம்மாவின் தொழிலுக்காக ஆரம்பித்த விஷயம், அவர் சொந்த வீட்டில் இருப்பதா வேண்டாமா என்பதில் வந்து நின்றது.

விதி போர்டு எழுதும் பெயிண்டர் ரூபத்தில் வந்தது. மெஸ்ஸுகளுக்கு 'இவ்விடம் சாப்பாடு உண்டு' என்று எழுதி எழுதிக் கை பழகியவர். 'இவ்விடம் ஹோம் ஸ்டே உண்டு' என்று சாக்பீஸால் கோடு போட்டு வைத்தார். அதை நின்று பார்த்த நம்மவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஹோம்னு போட்டா ஹோமம் வளக்குற எடம்னு நெனச்சிப்பாங்கப்பா, அத எட்த்துடு" என்றார். பெயிண்டரும் எடுத்துவிட்டார். மறுநாள் காலை, மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் பளிச்சென்று தொங்கியது:

இவ்விடம் ஸ்டே உண்டு.

ஹோட்டல் வாசலில் இதைப் பார்த்தால் ஒரு அர்த்தம். கோர்ட் இருக்கிற ஊரில், ஒரு வீட்டின் கேட்டில் பார்த்தால் என்ன அர்த்தம்? மத்தியானத்துக்குள் செஞ்சி முழுக்கத் தெரிந்துவிட்டது, கண்டக்டர் வீட்டின் மேல் கேஸ் நடக்கிறது, கோர்ட் ஸ்டே கொடுத்துவிட்டது என்று. பக்கத்து அனந்தபுரத்திலிருந்து அவருடைய தங்கை மகன் அரக்கப்பரக்க ஓடி வந்தான்.

"இன்னா மாமா, வூட்டு மேல வில்லங்கமா? ஒரு வார்த்த சொல்லல."

"வில்லங்கம் ஒண்ணும் இல்லடா. ஸ்டே போட்டிருக்கேன்."

"நீயேவா? யாரு மேல?"

"யாரு மேலயும் இல்ல. யாரு வந்தாலும் குடுப்பேன்."

அவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மாமாவை வேலூரில் ஒரு நல்ல டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்டான். கோர்ட்டிலோ என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "நீங்கதானே சார் ஆர்டர் டைப் பண்ணீங்க, எந்த வக்கீல் வாங்கிக் குடுத்தாரு" என்று தலைமை குமாஸ்தாவான சிரஸ்தார் முதல் டீக்கடைக்காரர் வரை விசாரித்தார்கள். மேல்சித்தாமூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி, பங்காளியோடு வரப்புத் தகராறு, ஒரு கட்டுப் பத்திரத்தோடு நேராக அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். தங்கத்தான் வந்திருக்கிறார் என்று நம்மவர் ஆனந்தமாகக் கதவைத் திறந்தார்.

"ஸ்டே கெடைக்குமாங்க?"

"அதுக்குத்தான இருக்கேன். எத்தினி நாளைக்கு வேணும்?"

"அறுவட முடியிற வரைக்கும் கெடச்சாப் போதும்."

ஸ்டேக்காரர் அன்றைக்கு அடைந்த சந்தோஷத்தை நான் வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை. வந்தவருக்கு அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு தட்டு, மோர் ஒரு சொம்பு. அவர் தின்று முடித்துவிட்டு, பத்திரக் கட்டைப் பிரித்துப் பாயில் பரப்பிய பிறகுதான் இரண்டு பேருக்கும் விஷயம் விளங்கியது. விவசாயி மிச்ச மல்லாட்டையை மடியில் கட்டிக்கொண்டு போனார். அன்றிலிருந்து கண்டக்டர் என்ற பெயர் ஒழிந்து ஸ்டேக்காரர் என்ற பெயர் நிலைத்தது. பலகையை மாற்றுங்கள் என்று நான் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். "எழுத்துல தப்பு இல்லியே சார், படிக்கிறவன்கிட்டதான தப்பு" என்றுவிட்டார்.

வீட்டுக்கு ஆள் வரவில்லை என்றதும் ஆளைத் தேடி அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். திருவண்ணாமலை பஸ்கள் செஞ்சியில் பத்து நிமிஷம் நிற்கும். அந்தப் பத்து நிமிஷத்தில் உள்ளே ஏறிவிடுவார். இப்போதைய கண்டக்டர்கள் எல்லாம் அவரிடம் தொழில் பழகியவர்கள், ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

"ஐயா, அம்மா, எல்லாரும் தூங்கறீங்க. ஜன்னலுக்கு அந்தாண்ட எவ்ளோ பெரிய மலை இருக்குது பாருங்க."

"நாங்க மலையச் சுத்தத்தான்ப்பா போறோம்" என்றார் ஒரு பெரியவர், கண்ணைத் திறக்காமல்.

"அந்த மலைய ராவெல்லாம் நடந்து சுத்துறீங்களே, இந்த மலைய உக்காந்த எடத்துல பாக்கறதுக்கு இன்னா வலிக்குது உங்களுக்கு?"

பஸ் சிரித்ததே தவிர இறங்கவில்லை. இப்படிப் பல பஸ்கள். ஒரே ஒரு நாள், புதிதாகக் கல்யாணமான சென்னை ஜோடி ஒன்று, காலை வெயில் கதையில் மயங்கி நிஜமாகவே எழுந்துவிட்டது. அந்தப் பெண், "ஒரு நாள்தானேங்க, நாளைக்குப் போய்க்கலாம்" என்று புருஷனைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள். அவன் பெட்டிகளை எடுக்கத் திரும்பினான். அவ்வளவு நாள் காத்திருந்த விருந்தாளிகள் இரண்டு பேர் கண்ணெதிரே தரையில் நிற்பதைப் பார்த்த பூரிப்பில், நம்மவர் கை தானாகக் கழுத்துக்குப் போனது. ஆள் இறங்கினால் என்ன செய்வது என்று அந்தக் கைக்கு நாற்பது வருஷப் பழக்கம். இரண்டு விசில் கணீரென்று ஊதிவிட்டார்.

பஸ் பெட்டிகளோடு கிளம்பிவிட்டது. ஜோடி ஒரு ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே திருவண்ணாமலை திசையில் பறந்தது. ஸ்டேக்காரர் பஸ் ஸ்டாண்டு நடுவில் விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதை நான் கோர்ட்டிலிருந்து வரும்போது பார்த்தேன். சிரிப்பு வந்தது. பக்கத்தில் போனதும் சிரிக்க முடியவில்லை.

"இறங்குனாங்க சார். ரெண்டு பேரு. அந்தப் பொண்ணு காலு தரையில பட்டத நான் பாத்தேன்."

இதற்கிடையில் சுற்றுலாவை வளர்ப்பது எப்படி என்று ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் நடந்தது. வெளியூர்களிலிருந்து பெரிய மனிதர்கள் வந்து, கோட்டை, கோயில், சமண மடம், ஏரி, மலை எல்லாவற்றையும் வைத்துச் செஞ்சியை எங்கேயோ கொண்டுபோய்விடலாம் என்று பேசினார்கள். கடைசியில் ஸ்டேக்காரர் எழுந்தார்.

"ஒரே ஒரு கேள்விங்க. இன்னிக்கி ராத்திரி நீங்கள்லாம் எங்க தங்குறீங்க?"

மேடையில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். வெளியே கார்கள் திருப்பி நிறுத்தப்பட்டுத் தயாராக இருந்தன. "அவசரமா ஊருக்குத் திரும்பணுங்க" என்றார் ஒருத்தர், நல்ல மனிதர், உண்மையிலேயே வெட்கப்பட்டார். ஸ்டேக்காரர் எல்லோருக்கும் முன்னால் வெளியே போய், ஒவ்வொரு காருக்கும் பின்னால் கை காட்டி வழி எடுத்துக் கொடுத்தார். ஆளுக்கு இரண்டு விசில்.

மார்கழி வந்துவிட்டது. அந்த நோட்டில் ஒரு வரிகூட விழவில்லை. கட்டில் விரிப்பை வாரா வாரம் துவைத்து மாற்றுவார். சோப்பை மட்டும் குரங்குகள் இரண்டு தரம் வந்து எடுத்துக்கொண்டு போயின. "வந்தவங்க சோப்ப மட்டும் எடுத்தாங்களே ஒழிய ஒரு ராவு தங்கல" என்று குறைப்பட்டுக்கொண்டார். மாடியில் சாயங்காலம் பேச்சு குறைந்துபோனது. சில நாள் நாங்கள் இருவரும் மலை கறுத்து மறைகிறவரை சும்மா உட்கார்ந்திருப்போம். ஒரு நாள் அவராகவே சொன்னார்.

"ஓசூர்ல மூணாவது மாடி சார். ஜன்னல்ல பாத்தா எதுத்தாப்ல இன்னொரு ஜன்னல்."

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது எனக்கு வானூருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. வருத்தமாக இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. நான் வெளியூர் ஆள் ஆகிவிட்டேனே. சாமான்களை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, அறைச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, ஒற்றைப் பையோடு தெருவைக் கடந்து அவர் கேட்டில் நின்றேன். பொங்கலுக்கு மூன்றே நாள்.

"அண்ணே, ஸ்டே உண்டா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஓடிப்போய்த் துவைத்த விரிப்பை எடுத்து மறுபடியும் ஒரு தரம் உதறிப் போட்டார். புது சோப்பு, புதுத் துண்டு. இருட்டுவதற்குள் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் செய்து, நான் சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரில் நின்றுகொண்டே இருந்தார். உட்காருங்கள் என்றால், விருந்தாளி சாப்பிடும்போது உட்காரக் கூடாது என்றார். அந்த வீட்டில் மூன்று வருஷமாக நான் தின்ற மல்லாட்டைக்கு எல்லையே இல்லை, ஆனால் விருந்தாளியாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

காலையில் என்னை எழுப்பி மாடிக்குக் கூட்டிப்போனார். இத்தனை வருஷமும் வெயில் ஏறிய பிறகே எழுந்து, சாயங்காலம் மட்டும் நான் உட்கார்ந்து பார்த்த மலை. ஊர் சாம்பல் நிறத்தில் கிடந்தது. எங்கோ ஒரு பஸ் கிளம்பும் சத்தம். ராஜகிரி உச்சியில் ஒரு பாறை சிவந்தது, அப்புறம் அதற்குக் கீழே இன்னொன்று. கண்ணெதிரே மலை மெல்ல மெல்ல மேலிருந்து கீழாக விடிந்தது. அவர் மலையைப் பார்க்கவில்லை, நான் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்குதா சார்?"

தலையை ஆட்டினேன். பிறகு வந்த காரியத்துக்கு வந்தேன்.

"நோட்ட எடுங்க அண்ணே. கையெழுத்துப் போடுறேன். போட்டோ எடுத்து உங்க பொண்ணுக்கு இப்பவே அனுப்பிடுங்க."

"அது வெளியூரு ஆளுங்க எழுதுற நோட்டு சார்."

"நான் வெளியூர்தானே. நேத்தோட அறையக் காலி பண்ணியாச்சு. ஒரு ரேஷன் கார்டுகூட எனக்கு இங்க கிடையாது."

அவர் துண்டால் நாற்காலியைத் துடைத்தார். அது துடைத்துத்தான் இருந்தது.

"என் சர்வீசுல ஒரு தப்பு டிக்கெட் கிழிச்சதில்ல சார். உங்கள வெளியூருன்னு எழுதுனா அது தப்பு டிக்கெட்டு. செக்கிங்கு வந்தா நான் இன்னா பதில் சொல்றது?"

"யாருண்ணே செக்கிங் வரப்போறா?"

"நானே கேப்பேன் இல்ல. நீங்க நம்ம ஊரு சார்."

அப்போது போன் அடித்தது. மகள், தினமும் கூப்பிடுகிற நேரம். ஸ்பீக்கரில் போட்டார்.

"யாராச்சும் வந்தாங்களா நைனா?"

நான் போனைப் பிடுங்கப் போனேன். நெரிசலில் படிக்கட்டுப் பயணியைத் தடுப்பதுபோல் அவர் உள்ளங்கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

"சாரு இருக்காரும்மா. வெளியாளு யாரும் வரல. நீ பொங்கலுக்கு வந்து கூட்டினு போ."

மறுமுனையில் அந்தப் பெண்ணுக்கு ஜெயித்த சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை. "சரி நைனா" என்று மெதுவாகச் சொல்லி வைத்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. வெறும் ஒரு கையெழுத்து. அதைப் போட விட்டிருந்தால் இந்த மாடியும் மலையும் அவருக்கு மிஞ்சியிருக்கும். முட்டாள் மனுஷா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு பையை எடுத்தேன்.

பஸ் ஸ்டாண்டுவரை கூடவே வந்தார். திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கி நின்றார். போய்விட்டு வருகிறேன் என்றேன். கண்டக்டர் பையன் மரியாதைக்காக, "நீங்களே குடுங்கண்ணே" என்றான். அவர் விசிலை எடுத்து ஒரு தரம் ஊதினார்.

இரண்டு விசில் வரும் என்று நம்பி நகர ஆரம்பித்திருந்த பஸ் சடக்கென்று நின்றது. எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். "யாருப்பா எறங்கணும்?" என்று டிரைவர் திரும்பிப் பார்த்துக் கத்தினார். யாரும் இறங்கவில்லை. ஸ்டேக்காரர் ஜன்னலுக்குக் கீழே விசிலை வாயில் வைத்தபடியே நின்றார். இரண்டாவது தரம் ஊத அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

பொங்கல் கழிந்து அவர் ஓசூர் போய்விட்டார். அங்கே பஸ்ஸெல்லாம் நிற்காமலே போகிறது என்று போனில் புகார் சொல்கிறார். செஞ்சி வழியாகப் போகிற யாரையாவது எனக்குத் தெரியுமா, தெரிந்தால் ஒரு ராத்திரி தங்கச் சொல்ல முடியுமா என்று இன்னமும் கேட்கிறார். வீடு பூட்டிக் கிடக்கிறது, மஞ்சள் பலகை மட்டும் தொங்குகிறதாம். இப்போது அதைப் பார்க்கிறவர்கள், கேஸ் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது என்று பேசிக்கொள்கிறார்களாம்.

வானூரில் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு ஒரு படிவம் நீட்டினார்கள். 'சொந்த ஊர்' என்ற இடம் வந்ததும் கை வழக்கம்போலக் கோடு போடப் போனது. நிறுத்தி, செஞ்சி என்று எழுதினேன். இதுவரை அதற்கு யாரும் ஸ்டே வாங்கவில்லை.